பென் டிரைவும் பிறந்த வீடும்

நெஸ்மா கணவன் எஹாபிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டித் துணியும் ஒரு பென் டிரைவும்தான். அந்த விரல் நீளப் பொருளுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம் முழுதாக இருந்தது, லினக்ஸுக்குள் அவளுடைய ஆய்வேடு இருந்தது. எந்தக் கணினியில் செருகினாலும் ஓடும் என்று நம்பியிருந்தாள். இன்று பிற்பகல் பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றாவிட்டால் இந்த வருடப் பட்டம் போய்விடும். மின்னஞ்சலில் இருந்ததோ கடைசி அத்தியாயம் இல்லாத பழைய பிரதி. இந்த நேரம் பார்த்துத் தம்பியின் லேப்டாப், துவங்குவதற்கு இதில் ஒன்றுமில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி காட்டிவிட்டுச் சும்மா கிடந்தது.

தம்பி மெய்சரா மன்சூரா நகரில் செல்போன் கடை வைத்திருப்பவன். துளையை மாற்றிச் செருகினான். துவக்க வரிசையில் பென் டிரைவை முதலில் வைத்தான். அதே கறுப்பு, அதே வரி. விண்டோஸைத் திறந்து செருகிப் பார்த்தான். இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது. தனக்குப் புரியாததை அழித்துவிடலாமா என்று கேட்பதில் விண்டோஸுக்கும் சில மனிதர்களுக்கும் வித்தியாசமில்லை. கடையில் பழகிய விரல் 'சரி'யை நோக்கி நகர, நெஸ்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, இத எந்த லேப்டாப்புல வெச்சு இன்ஸ்டால் பண்ணுன?"

"எஹாபோடதுல."

"லினக்ஸத் தொடங்கி வைக்கிற நிரல் துண்ட எங்க போடணும்னு ஒரு எடத்துல கேட்டிருக்குமே?"

கேட்டதுதான். அவள் படிக்காமலே 'அடுத்து' என்று அமுக்கியிருந்தாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று அவள் பதற்றத்தில் இல்லை, வீம்பில் இருந்தாள். என் லேப்டாப் பூராவும் உன் குப்பைதான் என்று எஹாப் சொன்ன நாள் அது. இனி உன் பெட்டியில் என் எழுத்து ஒன்றுகூட இருக்காது என்று சபதம் போட்டுவிட்டு உட்கார்ந்தவள், தொடங்கி வைக்கும் துண்டையே அவன் லேப்டாப்பின் வன்வட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது, தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

இன்னொரு லினக்ஸை இறக்கி அதன் வழியாக இதைத் திறக்கலாம் என்று மெய்சரா ஆரம்பித்தான். அந்த வீட்டு இணையத்தில் அது இறங்கி முடியச் சாயங்காலம் ஆகிவிடும். பச்சைக் கோடு ஆமையாக ஊர்ந்தது. மீதி வழி ஒன்றுதான், எஹாபைக் கூப்பிடுவது.

உம்மா ஒப்பவில்லை. கோபித்து வந்தவள் முதலில் போன் பண்ணினால் ஆயுசுக்கும் அவள் சொல் எடுபடாது, அவன்தான் பெரியவர்களோடு வந்து அழைக்க வேண்டும் என்றாள். ஊர் வழக்கமும் அதுதான். ஆனால் பல்கலைக்கழக எழுத்தர் ஊர் வழக்கத்துக்காகக் காத்திருக்க மாட்டார். நெஸ்மா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு எண்ணை அமுக்கினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"உன் லேப்டாப் வேணும். ஒரு மணி நேரம் போதும்," என்றாள், சலாம்கூடச் சொல்லாமல்.

"நீ போன அன்னிலேருந்து அது தொறக்கல நெஸ்மா. என்னமோ ரெஸ்க்யூன்னு ஒரு வரி காட்டிட்டு நிக்குது. நீதான் வேணும்னே பூட்டிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

அவன் வட்டில் அவள் வைத்த அந்தத் துண்டு விழித்ததும் தன் மிச்சத்தைப் பென் டிரைவில் தேடும். அது கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டது. இதுவரை அவளுக்கு இது தோன்றவேயில்லை. பையன்களுக்கு டியூஷன் எடுக்கிறவன் அவன், பாடமெல்லாம் அந்த லேப்டாப்புக்குள்தான்.

"கடையில குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தேன். அழிச்சிட்டுப் புதுசா போடணும்னான். உன்னோடது எதாச்சும் உள்ள இருந்துட்டா என்ன பண்றதுன்னு திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்."

நெஸ்மா குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு, "கெளம்பி வா," என்றாள்.

"பெரியவங்களக் கூட்டிட்டா?"

"லேப்டாப்ப மட்டும்."

அவன் வந்தான். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனுக்குத் தேநீர் வைத்தாள். நெஸ்மா செருகினாள். கறுப்புத் திரை, மினுங்கும் கோடு. மெல்ல அவள் கோப்புகள் எழுந்து வந்தன. ஏற்றி முடித்து, பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வரும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

பென் டிரைவை அவள் தொட்டபோது எஹாப் தயங்கிச் சொன்னான். "உருவிட்டா எனக்கு மறுபடியும் கறுப்புதான்."

மெய்சரா இறக்கும் லினக்ஸ் சாயங்காலம் வந்துவிடும், அதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

"அது அதுலயே இருக்கட்டும், எடுத்துட்டுப் போ," என்றாள். "நாளைக்குப் பெரியவங்களோட வா."