தண்ணீர்க் கேன்களில் ஆறு பேர்

இப்போதெல்லாம் மனிதர்களுக்குப் பேசுவதற்குக்கூடக் கரும்பலகை வேண்டியிருக்கிறது. பசித்தால் சாப்பிடுகிறோம், சாப்பிடும்போது சாப்பிடுகிறேன் என்கிறோம். இதில் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் சர்ச்சின் பின்பக்கக் கொட்டகையில், வாரத்தில் மூன்று நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிறந்ததிலிருந்து லிங்காலா பேசுகிற இருபது கிழவிகள் பெஞ்சில் உட்கார்ந்து "நான் விரும்புகிறேன், நீ விரும்புகிறாய், அவன் விரும்புகிறான்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நலிங்கி, ஒலிங்கி, அலிங்கி. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறவள் கப்பிங்கா. காசாய்ப் பக்கத்துக்காரி, தாய்மொழியே வேறு. அவள் கின்ஷாசாவுக்கு வந்தே பதினைந்து வருடம்தான் ஆகிறது. என் தாயின் வயிற்றிலேயே நான் கேட்ட பேச்சை அவள் துண்டு துண்டாக வெட்டிப் பலகையில் காயப்போடுகிறாள்.

அந்த இருபது பேரில் ஒருத்தி என் மனைவி பொலும்பு.

எங்கள் வளவில் நான்கு குடித்தனம், ஒரு குழாய். தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்ல முடியாது என்பதால் மஞ்சள் கேன்கள் ஆறு வைத்திருக்கிறோம். ஒருநாள் மரக்கிடங்கில் காவல் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஆறின் மேலும் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறாள். ந, ஒ, அ, தொ, பொ, ப. நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள்.

"வினை பின்னாடி அப்படியே நிக்கும். முன்னாடி இருக்கற துண்ட மாத்தினா ஆளு மாறிடுவான்" என்றாள். "தினமும் செய்யற காரியம்னா கடைசில 'அகா'னு ஒரு வால் வெக்கணும். இப்ப நீ தினமும் திட்டற பாரு, அதுக்கு வால் உண்டு."

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியும்ங்கறது உனக்குத் தெரியாது, லொக்வா அப்பா."

வளவு முழுவதும் இதற்குப் பழகிவிட்டது. வாசலில் மாவுருண்டை பொரித்து விற்கும் செலஸ்தின் காலையில் வந்து, "பெரியவரே, எங்க வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல. 'அவர்கள்'லேர்ந்து கொஞ்சம் ஊத்திக்கட்டுமா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் மகன் லொக்வா லுபும்பாஷிப் பக்கம் லாரி ஓட்டுகிறான். பொலும்புவுக்குக் காது மந்தம். எதிரே நின்று கத்தினால் கேட்கும், போனில் ஒன்றும் கேட்காது. அதனால் அவன் என் பொத்தான் போனுக்கு மெசேஜ் அனுப்புவான். பாதிரிமார் பள்ளியில் நான் மூன்று வருடம் படித்தவன், வாசிப்பது என் வேலை. அவன் எழுதுவது எப்போதும் ஒன்றரை வரி. அம்மா, நலம். வேலை இருக்கிறது. அதையும் எழுத்தை மென்று துப்பித்தான் எழுதுவான். அதை வாசித்தவுடன் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னும் ஏதோ வரப்போகிற மாதிரி. முதல் தடவை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "அம்மா, உன் மரவள்ளிக் கீரை போல இங்கே எவளுக்கும் வைக்க வரவில்லை" என்று சேர்த்து வாசித்தேன். அடுத்த மாதம், "நீ தந்த ஜெபமாலையை வண்டியில் தொங்கவிட்டிருக்கிறேன்." அவள் காதுக்கு எட்டவேண்டுமே என்று எல்லாவற்றையும் கத்தித்தான் வாசிப்பேன். என் பொய்கள் ஒவ்வொன்றும் செலஸ்தினின் எண்ணெய்ச் சட்டி வரைக்கும் போயிருக்கின்றன. "என்ன பிள்ளை, என்ன பிள்ளை!" என்பாள் அவள்.

"உனக்கு ஒண்ணும் எழுதலயா?" என்று பொலும்பு ஒருமுறை கேட்டாள்.

"எனக்கு என்னத்த எழுதுவான்?" என்றேன்.

எனக்காகவும் ஒரு வரி கட்டியிருக்கலாம். வாய் வரவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அவனிடம் சொன்னவன் நான். நான் சொல்லி அவன் கேட்ட ஒரே பேச்சு அதுதான்.

இப்போது இவள் எழுத்துக் கூட்டுகிறாள். நாலு வருட மெசேஜும் போனுக்குள் இருக்கிறது. ஒருநாள் திறந்து பார்த்தால், எங்கே என் கீரை, எங்கே என் ஜெபமாலை என்று கேட்பாள். எனக்கு அவமானம் போகட்டும். அவள் மகன் அவளுக்கு ஒன்றரை வரிதான் எழுதினான் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. கிடங்கில் பலகைகளின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தேன். பொத்தான் மேல் கட்டைவிரல் இருந்தது. நலம், வேலை இருக்கிறது; அடுத்ததும் நலம், வேலை இருக்கிறது. என்ன இருந்தாலும் அது அவன் கையால் அடித்தது. அழிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மரவள்ளி மாவை இலையில் கட்டி அவித்த குவாங்காவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் கத்தியது. நான் கை கழுவுவதற்குள் பொலும்பு எடுத்துவிட்டாள்.

"இங்க குடு."

"நீ சாப்பிடு."

சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. வளவே அதிர்ந்தது.

"அம்… மா. ந… லம். வே… லை. இருக்… கிறது."

அவ்வளவுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.  அவள் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள்.

"அப்பா, நான் உன்னைத் தினமும் நினைக்கிறேன்."

செலஸ்தினின் ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது. "யார, பெரியவரையா?" என்றாள்.

நான் காவல்காரன். முப்பது வருடமாக ஆட்களின் கையைப் பார்த்துப் பிழைக்கிறவன். முன் வரிக்கெல்லாம் நகர்ந்த விரல் இந்த வரிக்கு நகரவில்லை. வினைக்கு முன்னால் 'ந', பின்னால் 'அகா', கப்பிங்காவின் பலகையிலிருந்து இறக்கிவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. லொக்வா இப்படியெல்லாம் முழுசாக எழுதுகிறவன் இல்லை.

"சரியா படிச்சியா?" என்று கத்தினேன்.

"நீ எப்படிப் படிப்பியோ, அப்படித்தான் படிச்சேன்" என்றாள் அவள்.

 பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். "சந்தேகம்னா நீயே பாரு."

"கண்ணாடி இல்ல."

"சட்டைப் பையில இருக்கு."

இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"தண்ணி வந்திருக்கும்" என்று எழுந்தேன். கைக்கு அகப்பட்ட கேனைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் நடந்தேன். இப்படிக் கத்திக் கத்திப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? பேச்சைத் துண்டு போட்டுப் படித்தவர்களுக்குப் பொய்யும் இலக்கண சுத்தமாக வருகிறது, அவ்வளவுதான். நான் நம்பவில்லை. பின்னால் அவள் முதலிலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். அந்த வரிக்கு வந்தபோது என் நடை கொஞ்சம் மெதுவானது, கேன் காலில் இடித்ததால் இருக்கும். குனிந்து பார்த்தேன். 'அ' எழுதிய கேன். அவன். பாதிக் கரி என் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல் நடந்தேன்.