மடை திறந்த பண்டிகை

பாறசாலைக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிறு சபைக்கு 1932-ல்தான் ஓட்டுக்கூரை வந்தது. அதுவரை ஓலைதான். ஓடு, மரம், தச்சர் கூலி எல்லாம் ஊரின் பெரிய நிலக்காரர் ஞானசிகாமணி கொடுத்தது. சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் சத்தியதாஸ் குடியிருந்த வீடும் அவருடையதே. பிரதிஷ்டைப் பண்டிகையில் அவரைப் புகழ்ந்து பேசவேண்டும் என்று சபையார் கேட்டபோது சத்தியதாஸ் தலையாட்டியிருந்தார்.

ஆனால் மூன்று வாரமாகக் கீழ்வயல்களில் தண்ணீர் இல்லை. மேட்டுக் குளத்து நீரை ஞானசிகாமணி தன் வாழைத்தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டு, வாய்க்கால் மடையைக் கருங்கல் பலகையால் அடைத்துவிட்டார். கதிர் வாங்கும் நேரத்தில் பத்துக் குடும்பங்களின் நெல் மஞ்சளித்தது. முதலில் வெடித்தது விதவை தங்கபாயின் வயல். யாரும் வாய் திறக்கவில்லை. உபதேசியாரும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பிரசங்கத்துக்காக வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஆமோஸ் தீர்க்கதரிசியிடம் வந்து நின்றுவிட்டார். மேலே பக்கம் புரளவில்லை. மனைவி சரோஜத்தைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

“இதச் சொன்னா வீடு போவும்” என்றாள் அவள். கொஞ்சம் யோசித்தாள். “சொல்லாட்டா ஒங்களுக்கு ஒறக்கம் போவும். சொல்லுங்க.”

மறுநாள் புது ஓட்டின் கீழே சபை நிரம்பியிருந்தது. ஆடு மேய்த்த ஆமோஸ் என்ற மனுஷன் பண்டிகைக் கூட்டத்தின் நடுவே வந்து நின்று, உங்கள் பாட்டும் காணிக்கையும் கடவுளுக்குச் சலித்துவிட்டது, நியாயம் தண்ணீரைப் போல ஓடட்டும் என்று கூவிய கதையைச் சத்தியதாஸ் சொன்னார்.

“நம்ம ஊர்ல தண்ணியும் ஓடல்ல, நியாயமும் ஓடல்ல” என்றார். “மூணு வாரமா கண்டும் வாய் மிண்டாம இருந்தேன். மொதக் குத்தவாளி நானாக்கும்.”

முன்பெஞ்சிலிருந்த ஞானசிகாமணி எழுந்தார். நேரியலைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பாராமல் வெளியே போய்விட்டார்.

சரோஜமும் எழுந்து வீட்டுக்குப் போனாள். ஆசீர்வாதம் சொல்லிவிட்டு சத்தியதாஸ் வந்தபோது, பாதிப் பானைகள் முற்றத்துக்கு வந்திருந்தன. அவரும் குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினார்.

“ஓய் உபதேசியாரே!”

ஞானசிகாமணி ஓடி வந்துகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கால்வரை சேறு, விரல் நுனியில் ரத்தம்.

“பானைய எதுக்கு வெளிய எடுக்கீரு? ஆளக் கூட்டிட்டு வாரும்! கோவத்துலதான் எறங்கிப் போனேன். போற வழியில வெடிச்சுக் கெடக்க தங்கபாய் வயலப் பாத்தேன். நடக்க முடியல்ல ஓய். நாலு பேரு சேந்து போட்ட கல்லு, நான் ஒருத்தன் பிடிச்சா அனங்குமா?”

பண்டிகைத் துணியோடு சபையே ஓடியது. கடப்பாறை வந்தது. மூன்றாவது நெம்பலில் கல் புரண்டது. சருகும் சேறுமாகத் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் ஞானசிகாமணி கால் இடறி வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம் எல்லாரும் திகைத்தார்கள். அவரே முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்கமுடியவில்லை. பெண்கள் தண்ணீரோடு போட்டிபோட்டு வரப்பில் ஓடினார்கள்.

தங்கபாயின் வயல் நனைந்தபோது ஞானசிகாமணி அவள் முன்னால் போய் நின்றார்.

“தெரிஞ்சேதான் செய்தேன், தங்கபாய். பொறுக்கணும். கருகினதுக்கு என் களத்துலேருந்து நெல்லு வரும்.”

“நெல்லு வரட்டும். அந்தக் கல்லு இனி எங்க கெடக்கும்?”

“நீயே சொல்லு.”

“எம் முத்தத்துல கெடக்கட்டும். துணி அலக்க நல்ல கல்லு ஒண்ணு தேடிட்டிருந்தேன்.”

அப்போதே நாலு பேர் அதைச் சுமந்துகொண்டு போனார்கள். ஞானசிகாமணி ஒரு முனையைப் பிடித்தார்.

பண்டிகைச் சோறு வரப்புக்கே வந்தது. ஈரத் துணியோடு, முன்வரிசை பின்வரிசை பாராமல் உட்கார்ந்து தின்றார்கள். சத்தியதாஸுக்கு அன்றைக்கு அப்படியொரு பசி. சரோஜம் மூன்றாம் தடவை சோறு போட்டபோதும் அவர் கையால் மறிக்கவில்லை.