காவலாளியின் நிமிஷம்

ரேடியோக்காரி மாடி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்திருந்தபோதே தெருமுனையில் காவலாளியின் மண்டை பிளந்தது. விழுந்த பிறகும் கலவரக்காரர்கள் இரும்புத்தடியால் அடித்தார்கள். அழுக்குத் துணி துவைப்பதுபோல, அவசரமே இல்லாமல். அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியை ஒருவன் மிதித்து நொறுக்கினான். ஆனால் பாருங்கள், அந்த மனுஷன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் விழுந்திருந்தார்: "வந்துட்டானுங்க. பெட்ரோல் கேன் இருக்கு. பெரிய ரோட்டுக்கு யாரும் வராதீங்க."

போன் கோபுரங்களை எரித்த பிறகு, பழுதுபார்க்க வந்து கிடந்த வாக்கிடாக்கிகளைத் தெருவுக்கு ஒன்றாகக் கொடுத்தவள் அவள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் கேட்பவர் காதில் வெறும் கரகரப்பு. அதனால் ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு நிமிஷம். காவலாளி ஒன்று, தையல்காரர் இரண்டு, அவள் மூன்று, பேக்கரிக்காரர் நான்கு. பிறகு மறுபடி ஒன்று. கேட்டதைத் தன் முறையில் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையே போனாலும் முறை தப்பி வாய் திறக்கக் கூடாது.

தையல்காரர் திருப்பிச் சொன்னார். அவர் குரலும் காவலாளி குரலும் பேக்கரிக்கு எட்டாது. நடுவில் உயரமான கட்டடம். எட்டவைக்க வேண்டியவள் அவள். பேக்கரியின் மாவு அறையில் தெருப் பிள்ளைகளெல்லாம் பதுங்கியிருந்தார்கள், அவர்களுக்குத் துணையாக அவள் வீட்டுக்காரரும். தன் நிமிஷம் முழுக்கச் சொன்னாள்.

நான்காம் நிமிஷத்தில் பேக்கரிக்காரர் பேசினார். "மூணாம் நிமிஷத்துல ஒரே இரைச்சல்ம்மா. ஒண்ணும் புரியல. இங்க ரோடு அமைதியாத்தான் இருக்கு. பிள்ளைங்களை முன்வாசல் வழியா கூட்டிட்டுக் கிளம்பப் போறோம்."

அவள் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செட்டில் கோளாறா? அவள் கையால் ஈயம் பற்றவைத்துச் சரிசெய்த செட். பிறகுதான் உறைத்தது. நேற்றுத் தங்கை வந்து ஒரு செட் வாங்கிப் போயிருந்தாள், பேக்கரிக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டவள்.

"எனக்கும் உன் நம்பரே இருக்கட்டும்க்கா. நாம என்ன வேற வேறயா?"

"சரிடி. தனி நம்பர் குடுத்தா மட்டும் நீ பேச்சைக் குறைக்கவா போற?"

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். அக்காவின் குரல் தங்கைக்கு எட்டாது, தங்கையின் குரல் அக்காவுக்கு எட்டாது. நடுவிலிருக்கும் பேக்கரிக்கு இரண்டும் எட்டும். தையல்காரரின் நிமிஷம் முடிந்ததும் இருவரும் ஒரே நொடியில் வாய் திறந்து, ஒருத்தி சொல்லை ஒருத்தி அழித்திருக்கிறார்கள்.

அடுத்த முறை தான் வாயை மூடிக்கொண்டால்? தங்கையும் மூடிக்கொள்வாள். 'அக்கா பேசட்டும்' என்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்று, பிறகு சேர்ந்தே நுழைந்து தோளை இடித்துக்கொள்ளும் ஜென்மங்கள்.

கீழே கதவில் தடி விழுந்தது.

கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்தது. ஒன்றாம் நிமிஷம். தங்கைக்கும் தையல்காரருக்கும் காவலாளி விழுந்தது தெரியாது. அவர் பேசுவாரென்று காத்திருப்பார்கள். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"ஐயா, உங்க முறையை நான் எடுத்துக்கறேன்" என்று முனகிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். "பேக்கரி அண்ணே, முன்வாசல் வேண்டாம். காவலாளியை அடிச்சுக் கொன்னுட்டாங்க. பின்பக்கம் கால்வாய்ப் படியில இறங்குங்க. கேக்குதா, கால்வாய்ப் படி." முள் நகரும்வரை அதையே சொன்னாள்.

"முறை வச்சவளே முறை மீறினா எப்படிம்மா?" என்றார் தையல்காரர் இரண்டாம் நிமிஷத்தில். அடுத்த மூச்சிலேயே, "அவரு போயிட்டாரா?" என்றார்.

மூன்றாம் நிமிஷத்தில் அவள் பேசவில்லை. தங்கை பேசினாளோ என்னவோ.

"மேல எவளோ இருக்காடா" என்று கீழே ஒருவன் சொன்னது கேட்டது. சத்தத்தைக் குறைத்து செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான்காம் நிமிஷம். செட்டில் சிக்னல் விளக்கு எரிந்தது. யாரும் பேசவில்லை. பொத்தானை அழுத்தியபடியே யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். சின்னச் சின்னக் கால்கள், நிறையக் கால்கள். ஒரு குழந்தையின் இருமல் யாருடைய உள்ளங்கைக்குள்ளோ அடங்கியது.

கீழ்க்கதவின் கீல் பிய்ந்து படிக்கட்டில் தெறித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கல்லில் இறங்கும் கால்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.