குளிர் அறையில் வெயில் படம்

ஸ்கேன் அறை எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். அதற்குள் ஆட்களைப் படுக்கவைத்து, பூமி சூடாகும் படங்களைக் காட்டி, மூளையில் எந்த இடம் பதறுகிறது என்று பார்ப்பதுதான் புரொபசரின் ஆராய்ச்சி. இடம் தெரிந்துவிட்டால் அதைக் குத்துகிற மாதிரி விளம்பரம் எடுக்கலாம், ஜனங்கள் திருந்திவிடுவார்கள், உலகம் பிழைத்துவிடும். அவ்வளவு சுலபம்.

ஒருத்தர் மூளையும் பதறவில்லை. கொளுத்தும் வெயிலைப் பார்த்து, லாட்டரி விழுந்த மாதிரி பூரித்தது. புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. மனிதனுக்கு அழிவின் மேல் ரகசிய ஆசை இருக்கிறதாம்.

ஒருநாள் ஸ்கேன் எடுப்பவனையே படுக்கச் சொன்னார். படுத்தான். திரையில் ஒரு தகரக் கொட்டகை, அதன்மேல் உச்சி வெயில். போன கோடையில் அப்படியொரு தையல் கொட்டகையில்தான் அவன் மனைவி சுருண்டு விழுந்து செத்தாள். அறைக் குளிரில் கைகால் விறைத்துக் கிடந்தவனுக்கு அந்த வெயில் இதமாக இருந்தது.

மறுநாள் புரொபசரின் கணினியில் அவன் மூளை ஜொலித்தது.

"பாருங்க தம்பி! பொண்டாட்டிய வெயிலுக்குப் பறிகொடுத்தவர் நீங்க, உங்க மூளையே சந்தோஷப்படுது! மாநாட்டுல இதான் முதல் படம். கைதட்டு அள்ளும்."

"குளிருச்சு சார். அதான்."

"அது நீங்களா நினைச்சுக்கறது. மூளை பொய் சொல்லாது."

"எல்லாருமே நடுங்கிக்கிட்டுதான் சார் எழுந்து வர்றாங்க."

"முப்பது வருஷமா மூளையப் பாக்கறேன். எனக்கே பாடமா? உங்க வீட்டு விஷயம் தெரிஞ்சுதான் உங்கள படுக்கவெச்சேன். பேரெல்லாம் போடமாட்டேன், பயப்படாதீங்க."

"எங்க மாமியாருக்குப் பேர் வேணாம் சார். 'வெயில்ல பொண்டாட்டி செத்தவன்'னாலே நான்தான்னு புரிஞ்சுடும். தூக்கிப் போட்டுடும்."

புரொபசர் வாட்சைப் பார்த்தார்.

"அப்ப நான் விலகிக்கறேன். படுத்தவங்க எப்ப வேணா விலகலாம், படத்த அழிச்சிடுவோம்னு தினமும் நீங்கதானே சொல்றீங்க?"

"அது... வெளியாளுங்களுக்கு."

"நானும் படுத்தவன்தான்."

அவர் குரல் குழைந்தது. "தம்பி, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க. உலகமே வெந்துக்கிட்டிருக்கு," என்றார், ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டபடி.

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. அதற்காவது அந்த நாகரிகம் இருந்தது.

ஆமாம் என்று தட்டினான்.