கந்தப்பளை பஸ்ஸின் காற்றுப் பெட்டி

ஜீவராஜின் பஸ் கூரையில் காற்றை அளக்கும் பெட்டியைப் பூட்டிய நாளிலிருந்து அந்த பஸ்ஸுக்குள் யாரும் இருமவில்லை. நுவரெலியாவுக்கும் கந்தப்பளைக்கும் இடையே எவ்வளவு புகை என்று பார்க்கத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிரேமினி மிஸ் அதைப் பூட்டினார். அது அளக்குமே தவிர எதையும் சுத்தம் செய்யாது என்று இரண்டு மொழியிலும் சொன்னார். சனம் கேட்டால்தானே? இளைப்புக்காரர்கள் வேலை இல்லாமலே டிக்கெட் எடுத்துப் போய்த் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பத்து நிமிடம் முன்னால் புறப்படும் பஸ்ஸை ஓட்டியவன் அழகுமுத்து. ஆள் குறைந்ததுகூட அவனுக்குப் பெரிதில்லை. அவன் மனைவி நாகலெட்சுமிக்குத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலித்துச் சலித்து நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. ஒன்பது வருஷமாக அவன் முதுகுக்குப் பின் சீட்டில் வேலைக்குப் போனவள், ஒரு திங்கட்கிழமை பாலத்தடியில் அவன் பஸ்ஸைக் கைகாட்டி அனுப்பிவிட்டு அடுத்ததில் ஏறினாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டின புருஷன் பஸ்ஸை விட்டு இன்னொருத்தன் பஸ்ஸில் போகிறாளே என்று ஊரே சிரிப்பதாக நினைத்தான். ஊரும் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தது.

அவனைக் காப்பாற்றியது ஜீவராஜின் பக்தி. ஆயுத பூசைக்குப் பெட்டிக்கும் மாலை போட்டுச் சந்தனப் பொட்டு வைத்தவன், அத்தோடு நிற்காமல் தினமும் காலையில் கூரைமேல் ஏறி அதற்குச் சாம்பிராணி காட்டினான். மலைக்காற்று கொழும்பைவிட மோசம் என்று கணக்கு வந்தது. பிரேமினி மிஸ் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் கழற்றி அழகுமுத்துவின் பஸ்ஸில் பூட்டினார். நல்ல காற்றும் கூடவே மாறி வந்தது. மறுநாளே நாகலெட்சுமி பழைய சீட்டில் உட்கார்ந்தாள்.

"எனக்காக வந்தியா, பெட்டிக்காக வந்தியா?"

"மூச்சுக்காக வந்தேங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அழகுமுத்துவுக்கு ஜீவராஜ்மேல் இருந்த பொறாமை அப்படியே பெட்டிமேல் திரும்பியது. ஒரு நாள் ஸ்பேனரோடு கூரைக்கு ஏறி முதல் நட்டைக் கழற்றியும்விட்டான். கீழே அவள் இளைக்காமல் பேசிச் சிரிப்பது கேட்டது. திரும்ப முறுக்கிவிட்டு இறங்கினான்.

மாசியில் பிரேமினி மிஸ் தாள்களோடு வந்தார். வழி முழுக்கப் பெட்டி காட்டும் புகை இலக்கம் அடங்கிக் கிடக்கிறது, பாலத்தடியில் மட்டும் காலை ஆறே முக்காலுக்கு உச்சிக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் இல்லை, அங்கே யாராவது குப்பை எரிக்கிறார்களா என்று கேட்டார்.

"அது நான்தான் மிஸ்," என்றான் அழகுமுத்து. "என் பொஞ்சாதி ஏறுற எடம் அது. ஏறுறப்ப என்னையப் பாக்கமாட்டா, கூரையத்தான் பாப்பா. எரியுறது என் வயிறு."

மிஸ் ஒரு வாரம் கூடவே போய்ப் பார்த்தார். வேறு ஆள் ஓட்டிய இரண்டு நாளும் இலக்கம் ஏறவில்லை. அறிக்கையில், புகைக்குக் காரணம் என்ற இடத்தில், டீசல், விறகு, குப்பை என்பவற்றுக்குக் கீழே 'சாரதி' என்று எழுதினார். அது அப்படியே அச்சாகி வந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து நாகலெட்சுமி ஏறியதும் முதலில் அவனைத்தான் பார்க்கிறாள். மிஸ் சொல்லித்தான் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். பாலத்தடியில் இலக்கம் இன்னும் இறங்கவில்லை.