பிறந்த வீட்டுக் கோடி

உலகம்மாளின் அம்மா செத்து இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது. உடலை இன்னும் தூக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து யாராவது புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது விழாமல் உடல் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் அம்மா எந்த வீட்டில் பிறந்தாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கே தெரியவில்லை.

"யாரோ எடுத்து வளத்தாவ. யாருன்னு பிடிபடல" என்றாள் அம்மா, ஐஸ் பெட்டிக்குள் இருந்தபடி.

துட்டி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வந்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். பாதியில் எழுந்துபோவது மரியாதை இல்லை. பந்தலில் இரண்டு பேர் பழகி, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளை ஒப்பாரி கேட்டால்தான் தூங்கும். வாசற்படியை அடைத்துக்கொண்டு பிரமு அத்தை உட்கார்ந்திருந்தாள். உலகம்மாளின் அப்பாவுக்கு அக்கா. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்குச் சாவும் வராது, இரக்கமும் வராது.

அம்மா உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏளா உலகு, யாரும் வந்தாவளா?"

"இல்லம்மா."

"குளுருதுளா."

உலகம்மாள் பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைக்கலாமா என்று அத்தையிடம் கேட்டாள்.

"அணைச்சா கெட்டுப்போவா. கெட்டுப்போனவளுக்கு எவன் கோடி போடுவான்? போயி ஆளத் தேடுளா."

உலகம்மாள் கல்யாணப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த குமாஸ்தா தன் காதை ஒரு காகித உறைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு காதால் கேட்டுக்கொண்டார்.

"எங்க அம்மா கல்யாணப் பதிவு பாக்கணும். பொண்ணு வீட்டாளு யாருன்னு தெரியணும்."

"புஸ்தகமா? அதுல எழுதுதத விட்டாச்சு. கரையான் திங்கி. இப்ப கல்யாணத்தையே வச்சிருக்கோம். நேரா போங்க."

நடக்க நடக்க வராந்தா நீண்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. கடைசியில் எங்கும் போகாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். வராந்தா ஏமாந்துவிட்டது.

அறைக்குள் அம்மாவின் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அன்று தொடங்கியதை யாரும் நிறுத்தவில்லை. நாதஸ்வரக்காரருக்கு உதடு வீங்கிப் பழுத்திருந்தது. அரும்பு மீசையோடு அப்பா தாலியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பின்னால் விளக்கோடு இளவயதுப் பிரமு அத்தை, அதே முகம். மாப்பிள்ளைப் பக்கம் ஜமுக்காளம் நிரம்பி வழிந்தது. பெண் பக்கத்து ஜமுக்காளத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தார்.

உலகம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொண்ணு வீடா?"

"இல்லம்மா. இங்கனதான் எடம் காலியா கெடந்துச்சு."

அவள் மணையருகே போனாள். அம்மா தலையைக் குனிந்திருந்தாள். இருபதுகூட ஆகாத முகம். உலகம்மாளுக்கு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஒங்க வீட்டாளுவ எங்க?"

"யாரும் வரல" என்றாள் மணப்பெண். "ஒங்களுக்கு வேல இல்லன்னா அந்தப் பக்கம் சித்த ஒக்காருங்க. பாக்கவுகளுக்கு ஆளு இருக்காப்புல தெரியும்."

உலகம்மாள் உட்கார்ந்தாள். லட்டுக்காரர் நகர்ந்து இடம்விட்டார்.

அப்போது அலுவலகத்தில் மரபணு பார்க்கிறவர் பஞ்சு சுற்றிய குச்சிகளோடு வந்தார். மணப்பெண்ணின் கன்னத்துக்குள் ஒரு குச்சியைத் துடைத்தார். உலகம்மாளின் கன்னத்துக்குள் ஒரு குச்சி. இரண்டையும் மோந்து பார்த்தார்.

"பாதி."

"என்ன பாதி?"

"ரெண்டு பேருக்கும் பாதி ஒத்துப்போவுது. பாதின்னா மகளும் வரும், கூடப்பொறந்தவளும் வரும். எது வேணும்?"

"நான் மகதான்."

"ஆளப் பாத்தா அப்படித் தெரியலயே. அந்தப் பிள்ள ஒங்களவிடச் சின்னதால்லா இருக்கு."

"மகளாவும் கூடப்பொறந்தவளாவும் போட முடியாதா?"

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ஒரு தடவதான்."

"மகள்னு போட்டா கோடி போடலாமா?"

"எப்படிப் போட முடியும்? மக பொறந்த வீடா? அது எங்க சட்டம் இல்லம்மா. ஒங்க சட்டம்."

உலகம்மாள் ஐஸ் பெட்டியை நினைத்தாள். கண்ணாடியில் பதிந்திருந்த அம்மாவின் விரல் தடத்தை நினைத்தாள். மகள் என்று இத்தனை நாள் இருந்து அவளுக்கு ஒரு போர்வைகூட வாங்கித்தர முடியவில்லை.

"கூடப்பொறந்தவள்னே போடுங்க" என்றாள்.

"வயசப் பாத்தா அக்கா" என்று சொல்லி, ஓட்டுப்போட்டவர்களுக்கு வைப்பதுபோல் அவள் விரலில் மை வைத்தார் அவர். "இது போவாது."

அரக்குச் சேலை ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விரலைப் பார்த்ததும் பந்தலே எழுந்து நின்றது. பிரமு அத்தை முதன்முறையாக வாசற்படியைவிட்டு விலகினாள்.

"வாங்க மதினி. இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

உலகம்மாள் பெட்டியைத் திறந்து கோடியைப் போர்த்தினாள். ஸ்விட்சை அணைத்தார்கள். பாடை வந்தது. பந்தலில் பிறந்த பிள்ளை கைதட்டியது. அம்மாவின் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்ததுபோல் இருந்தது. உலகம்மாளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியாக்கா. சேல நல்லாருக்கு."

"இனி குளுராதும்மா."

"ஆமா. எம் மவ எங்க?"



"நாந்தாம்மா ஒம் மவ."

"நீ அக்கால்லா. வெரல்ல மை இருக்கே." அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எம் மவளக் கூப்புடுங்க. அவ வாய்க்கரிசி போடாம நான் போமாட்டேன்."

எல்லோரும் தேடினார்கள். அடுக்களையில் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். உலகு, உலகு என்று தெருமுனை வரை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் உலகம்மாள் "இங்க இருக்கேன்" என்றாள். "நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள்.

"காலையில வரைக்கும் இங்கனதான் நின்னா" என்றாள் பிரமு அத்தை. "பெத்தவ பெட்டிக்குள்ள கெடக்கா, அவளுக்கு ஊர் சுத்தணும். இவளப் பெத்ததுக்கு ஒரு அம்மியப் பெத்துருக்கலாம்."

பந்தல் முழுவதும் அந்த மகளை ஏசியது. ஏசி முடித்ததும் பாடையைச் சுவரில் சாய்த்தார்கள். பெட்டியை மூடி ஸ்விட்சைப் போட்டார்கள். உலகம்மாள் விரலைச் சுவரில் வைத்துத் தேய்த்தாள். தோல் போனது. மை போகவில்லை.

"பொறந்த வீட்டாளு நிக்கக் கூடாது மதினி" என்று அத்தை ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். டீ கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அம்மா கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, எம் மவ வந்தாளா?"

"இல்ல" என்றாள் உலகம்மாள்.

"குளுருதுக்கா."