எட்டுக்குள் ஒளிந்த ஏழு

மனைவியின் பழைய பிரிட்டிஷ் பென்னி, ஒரு செம்புக்காசு, மேசைமேல் பளபளத்தது. பஸ் டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாணயக் கழகத்தில் நாலு பேர் முன்னால் அவள் அதைக் காட்டப் போகிறாள். விசேஷத்துக்குப் போகிற சட்டையை இஸ்திரி போடுவது மாதிரி நினைத்து, பற்பசை தடவித் தேய் தேய் என்று தேய்த்து வைத்திருந்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்தவள் காசைப் பார்த்தாள். கைப்பை தோளிலிருந்து நழுவியது.

"என்னங்க பண்ணீங்க?"

"ஒரே அழுக்கா இருந்துச்சேம்மா..."

"அது அழுக்கு இல்லீங்க. அதோட தோலு. இத்தனை வருஷத்துல செம்பு தானா போட்டுக்கிட்ட தோலு."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காசில் 1858 என்ற வருஷத்தின் கடைசி எட்டுக்கு அடியில் ஒரு ஏழு இருப்பதாக அவள் மாதக்கணக்கில் சொல்லி வருகிறாள். வெறும் அழுக்கு என்று கழகத் தலைவர் சிரித்துவிட்டார். ஞாயிறன்று அவள் நிரூபித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். காசு அடிக்க எஃகில் ஓர் அச்சு செய்வார்கள். அதில் எழுத்தும் எண்ணும் பள்ளமாக இருக்கும். வருஷம் மாறியதற்காக நல்ல அச்சைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? ஏழின் மேலேயே எட்டை வைத்து ஓங்கி ஒரு தட்டு. பழைய பள்ளம் முழுசாக மூடாது. அந்த அச்சில் பிறக்கிற ஒவ்வொரு காசிலும் எட்டோடு ஏழின் தடமும் மெல்லிய மேடாக எழும்பிவிடும். மேடு என்பதுதான் வம்பு, தேய்த்தால் போய்விடும்.

லென்ஸைக் கண்ணில் வைத்து, விளக்கடியில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"எட்டுக்கு வெளிய நீட்டிட்டிருந்த ஏழோட வால் போயிடுச்சு."

"நல்லாத் திட்டிடும்மா. இப்படி அமைதியா மட்டும் பேசாத."

"இருங்க." ஒரு பல்குச்சியை எடுத்து எட்டின் மேல் வளையத்துக்குள் மெல்ல நெருடினாள். காய்ந்த பற்பசை உதிர்ந்தது. "இங்க வந்து பாருங்க."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் அந்த லென்ஸில் குனிந்தார். எட்டின் வளையம் சுற்றுச்சுவர் மாதிரி நின்றது. அவருடைய துணி அதற்குள் நுழைந்திருக்கவில்லை. உள்ளே ஒரு சின்னச் சாய்கோடு.

"அட, ஏழு! பதுங்கிட்டு உக்காந்திருக்கு!"

"குச்சிக்கு அசையல பாருங்க. அழுக்குன்னா வந்திருக்கும். தோல் கெட்டுடுமேன்னு இத்தனை நாள் குச்சி வைக்கப் பயந்தேன். நீங்கதான் அந்தப் பயத்தையும் சேர்த்துத் தேய்ச்சிட்டீங்களே!"

"தலைவர்கிட்ட காட்டுவியா?"

"காட்டுவேன். யார் தேய்ச்சதுன்னும் சொல்லுவேன்."

தலையைச் சொறிந்தார். "தோல் திரும்ப வராதா?"

"பழைய தோல் வராது. புதுசா ஒண்ணு வரும். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உங்க சட்டைப் பையில போட்டுக்குங்க. வேர்வை பட்டுப் பட்டு, ஒரு இருபது வருஷத்துல நல்லாப் பழுத்துடும்."

"இருபது வருஷமா?"

"ஏன், உங்களுக்கு வேற எங்கயாவது போற வேலை இருக்கா?"